பேஸ் கிட்டார் டாப்: இடம் சொல்லும், நேரம் சொல்லாது

காடாம்புலியூர் பக்கம் முந்திரித் தோப்புக்கு நடுவே உட்கார்ந்து பேஸ் கிட்டார் பழக ஆசைப்படுகிறவனுக்கு வாத்தியார் யார்? இணையத்தில் கிடைக்கும் டாப்லேச்சர்தான். (கேசட்டையே 'டேப்' என்று சொல்லி வளர்ந்த தலைமுறை நான், அதனால் இங்கே 'டாப்' என்றே எழுதுகிறேன்.) வாத்தியார் என்று ஏற்றுக்கொண்ட பிறகு அவருக்கு எது தெரியும், எது தெரியாது என்றும் பார்த்தாக வேண்டும் இல்லையா?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: நான்கு கோடுகள், நான்கு தந்திகள். மேல் கோடு மெல்லிய ஜி தந்தி, கீழ்க் கோடு தடித்த இ தந்தி. கோட்டின் மேல் ஓர் எண் இருக்கும். 5 என்றால் ஐந்தாம் மெட்டில் விரல், 0 என்றால் எதையும் அழுத்தாமல் மீட்ட வேண்டும். (வீணைக்காரர்கள் ஃப்ரெட்டை மெட்டு என்பார்கள். பாட்டின் மெட்டுக்கும் அதே சொல். எனக்குப் பிடித்த தற்செயல்.) ஸ்வரம் தெரிய வேண்டாம், தாளம் தெரிய வேண்டாம். எண் வாசிக்கத் தெரிந்தால் அன்று சாயங்காலமே ஏதோ ஒரு பாட்டு கையில் வந்துவிடும். இதைக் குறைத்து மதிப்பிட நான் தயாரில்லை. அந்த முதல் சாயங்காலம் இல்லாவிட்டால் பாதிப் பேர் கருவியை உறையில் போட்டு மூலையில் சாய்த்துவிடுவார்கள்.

கோளாறு மறுநாள் தொடங்குகிறது. டாப் இன்று நேற்று வந்ததல்ல. 1507இல் வெனிஸில் பெட்ருச்சி அச்சிட்ட ஸ்பினாச்சினோவின் லூட் புத்தகமே டாப்தான். ஆனால் அந்தப் பழைய டாப்களில் எண்களுக்கு மேலே கால அளவுக் குறிகள் இருந்தன. ஒவ்வோர் ஒலியும் எவ்வளவு நேரம் என்பதற்கு அங்கே இடம் உண்டு. கீபோர்டில் ஹைஃபனும் எண்ணும் தட்டி எழுதும் இணைய டாப் அந்த வரியைத் தூக்கி எறிந்துவிட்டது. ஐந்நூறு வருஷத்துக்குப் பிறகு வந்த வெர்ஷனில் முக்கியமான ஃபீல்டையே காணோம்! எங்கள் ஆபீஸில் இப்படி ஒரு ரிலீஸ் போட்டால் ராத்திரி தூங்க விடமாட்டார்கள்.

மற்ற கருவிகளை விட பேஸுக்கு இது பெரிய இழப்பு. '5 5 5 5' என்று நான்கு எண்கள் இருக்கின்றன. நான்கையும் இழுத்து ஒலிக்க விட்டால் ஒரு பாட்டு. ஒவ்வொன்றையும் பாதியில் விரல் தூக்கி நிறுத்தினால் வேறு பாட்டு. டிரம்ஸின் கிக் விழும் இடத்தில் பேஸ் எங்கே தொடங்குகிறது, எங்கே வாயை மூடுகிறது என்பதில்தான் நடையே இருக்கிறது. மௌனம் எவ்வளவு நேரம் என்பதை டாப் சொல்வதில்லை.

அடுத்தது, எந்த இடம்? இ தந்தியின் ஐந்தாம் மெட்டும் திறந்த ஏ தந்தியும் ஒரே ஸ்வரம், 55 ஹெர்ட்ஸ். தடித்த தந்தியில் அழுத்தி வாசித்தால் குரல் உருண்டையாக வரும், திறந்த தந்தியில் பளிச்சென்று வரும். டாப் எழுதுகிறவர் தனக்கு எளிதான ஒன்றைத் தேர்ந்து எழுதிவிடுகிறார். படிக்கிறவன் அதுவே வேதம் என்று எடுத்துக்கொள்கிறான்.

'மூடுபனி' (1980) இளையராஜாவின் நூறாவது படம். அதில் யேசுதாஸ் பாடிய 'என் இனிய பொன் நிலாவே'யின் பேஸ் குரலுக்குப் பின்னால் நின்று தாங்குவதோடு நிற்காது, தன்பாட்டுக்கு இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டு போகும். நான் பார்த்த இரண்டு டாப்கள் சில இடங்களில் சரியாக ஒரு ஸ்தாயி வேறுபடுகின்றன. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். இ தந்தி திறந்த நிலையில் 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கருக்கு அந்த ஆழம் எட்டாது. அதன் மேல் ஒலிகளை மட்டும் கேட்டு அடி ஒலியை மூளையே இட்டு நிரப்பிக்கொள்ளும். போனில் கேட்டு எழுதினால் ஸ்தாயி ஊகம்தான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இளையராஜா மேற்கத்திய ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதிக் கொடுத்து வாசிக்க வைப்பவர். ஸ்டாஃப் நொட்டேஷன் ஸ்வரத்தையும் கால அளவையும் துல்லியமாகச் சொல்லும், விரல் எங்கே என்பதை வாசிப்பவரிடம் விட்டுவிடும். டாப் விரலைச் சொல்லும், காலத்தை நம்மிடம் விட்டுவிடும். இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழ். இளையராஜாவின் ஏராளமான பாடல்களுக்கு பேஸ் வாசித்த சசிதரன் போன்றவர்களின் பங்கு அந்த விட்டுவைத்த இடத்தில்தான் இருந்திருக்கும்: எந்தத் தந்தி, எந்த விரல், எங்கே வழுக்கல். டாப் பதிவு செய்வதாகச் சொல்லிக்கொள்வதும் அதைத்தான். அதிலேயே அது ஊகம் செய்கிறது என்பதுதான் என் குறை.

நம்மிடமே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1904இல் எட்டயபுரத்திலிருந்து வந்த சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. வீணைக்காரர் எழுதியது. ச ரி க ம ஸ்வரங்களோடு கால அளவும் உண்டு, அவற்றின் மேல் கமகக் குறிகளும் உண்டு. ஜாரு என்றால் வழுக்கல், ஒதுக்கல் என்றால் மெட்டில் வைத்தபடியே தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பது. இன்றைய டாப்பில் சாய்கோடும் 'பி' எழுத்தும் செய்யும் வேலையை அந்தக் குறிகள் அன்றே செய்தன. ஸ்வரம், நேரம், விரல் மூன்றும் ஒரே பக்கத்தில்.

கிட்டார் ப்ரோ மாதிரியான மென்பொருள்கள் கால அளவைத் திரும்பக் கொண்டுவந்தது நல்ல விஷயம். ஆனால் எண்கள் ஓடும் வீடியோ டாப் எனக்கு ஒத்துவரவில்லை. கண் திரையைத் துரத்தும்போது காது தூங்கிவிடுகிறது. முதலில் பேஸ் வரியை வாயால் பாடிப் பார்த்துவிட்டு, சிக்குகிற இடத்துக்கு மட்டும் டாப்பைத் திறப்பது எனக்குச் சரியாக வருகிறது. நேரம் அதிகம் பிடிக்கும், வாரத்துக்கு எட்டு பார் தேறினால் ஜாஸ்தி.

அமெரிக்காவின் மோடவுன் பாடல்களில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜாமர்சனின் பெயர் ஆல்பத்தில் அச்சாவதற்கு 1971 வரை, மார்வின் கேயின் ஆல்பம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் கேசட் அட்டைகளிலும் பாடியவர், எழுதியவர் பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். இன்று நான் இறக்கி வைத்திருக்கும் தமிழ்ப் பாட்டு டாப்களைத் திறந்தால் தலைப்பில் படம், பாடகர், இசையமைப்பாளர், டாப் தட்டியவரின் புனைபெயர் எல்லாம் இருக்கின்றன. பேஸ் வாசித்தவருக்கு ஒரு வரி கிடையாது.