சொந்தக் கட்டடத்தில் பாட்டக்காரர்!

நாகர்கோவில் பார்வதிபுரம் பக்கம் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். இருபது வருஷம் வளைகுடாவில் உழைத்த காசில் ரோட்டோரமாக ஒரு கட்டடம் கட்டியிருக்கிறார். போன மாதம் பார்த்தபோது கையில் ஒரு வழவழப்பான புத்தகம். உங்கள் இடம், எங்கள் பெயர், மாதாமாதம் வருமானம் என்கிற ரகம். சிக்கன் கடை ஃபிரான்சைஸ்!

"வாடகைக்கு விட்டா நாப்பதாயிரம்தான் தம்பி. இதுல மாசம் நாப்பத்தஞ்சாயிரம் லாபம்னு எழுதியே தந்திருக்கானுவ. நீரு பி.காம். படிச்ச ஆளுல்லா... பாத்துச் சொல்லும்."

பார்த்தேன். செலவுப் பட்டியலில் சம்பளம் இருந்தது, கரன்ட் பில் இருந்தது, கோழி இருந்தது. வாடகை மட்டும் இல்லை. கேட்டால், "சொந்தக் கட்டடம்தானே சார்!" என்றார்களாம்.

இங்கேதான் ஏமாறுகிறோம். சொந்தக் கட்டடம் என்றால் வாடகை கிடையாது என்று அர்த்தமில்லை. வாடகையை நீங்களே கடைக்குத் தானம் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

அடுத்தது வரி. மாதம் 5 லட்சம் விற்பனை, அதில் 6 சதவீதம் ராயல்டி என்றது புத்தகம். அதாவது 30,000 ரூபாய். அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, 5,400 ரூபாய். இதைப் புத்தகம் சேர்க்கவே இல்லை. துணிக்கடையோ செருப்புக்கடையோ என்றால் இந்த வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். இவர் நடத்தப்போவது 5 சதவீத ஜி.எஸ்.டி. பில் போடும் சாதாரண உணவகம். அதற்கு அந்தச் சலுகை கிடையாது. கட்டினால் கட்டினதுதான்!

இப்போது கூட்டிக் கழியுங்கள். 45,000-ல் வரி 5,400 போச்சு, வரவேண்டிய வாடகை 40,000 போச்சு. மிச்சம்? 400 ரூபாய் நஷ்டம்! அட்வான்ஸ், அலங்காரம் என்று போடப்போகும் 20 லட்சத்துக்கு பேங்க்கில் 7 சதவீதம் வட்டி என்று வைத்தாலும் மாதம் சுமார் 11,700 ரூபாய். அதையும் சேர்த்தால் நஷ்டம் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டும். கல்லாவில் உட்காரும் அண்ணாச்சிக்குச் சம்பளம் இன்னும் போடவே இல்லை.

இதில் இன்னொரு விஷயம். ராயல்டி விற்பனைக்குத்தான், லாபத்துக்கு அல்ல. கடை நஷ்டத்தில் ஓடினாலும் கொடுத்தே ஆகணும்.

கலிஃபோர்னியாவில் இருக்கும் அவர் மகன், "ஃபிரான்சைஸ் டாக்ஸ் இருக்கான்னு கேளுங்கப்பா" என்றாராம். அது வேறு சமாசாரம். அங்கே வாடகை வீடு வாங்குகிறவர்கள் பலர் எல்.எல்.சி. என்று ஒரு கம்பெனி ஆரம்பித்து அதன் பேரில் வாங்குவார்கள். அந்தக் கம்பெனி இருப்பதற்கே வருஷம் 800 டாலர் கட்டணும். வீடு பூட்டிக் கிடந்தாலும் விலக்கு இல்லை. பெயர்தான் ஃபிரான்சைஸ் டாக்ஸ். பிராண்ட் கடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் குணம் ஒன்றுதான், லாபம் வந்ததா என்று ரெண்டுமே கேட்காது!

அமெரிக்காவில் ஒரு நல்ல வழக்கமும் இருக்கிறது. ஃபிரான்சைஸ் விற்பவர், கையெழுத்துக்கோ பணத்துக்கோ குறைந்தது 14 நாள் முன்னால் ஒரு விவரப் பத்திரம் தந்தாக வேண்டும். எத்தனை கடை மூடப்பட்டது, என்ன வழக்கு இருக்கிறது, விலகிப்போனவர்களை எப்படித் தொடர்புகொள்வது... எல்லாம் அதில் இருக்கும். மலேசியாவில்கூட 1998-லேயே இதற்கென்று சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச்சட்டமே இல்லை. அட்டையில் என்ன போட்டாலும் நம்பவேண்டியது நம் தலையெழுத்து.

எல்லா ஃபிரான்சைஸும் மோசம் என்று சொல்லவில்லை. உங்கள் கட்டடத்துக்கு ஊர் வாடகை, உங்களுக்கு ஒரு மேனேஜர் சம்பளம், போட்ட பணத்துக்கு வட்டி. இந்த மூன்றையும் கழித்த பிறகும் மிச்சம் நின்றால் தாராளமாக இறங்குங்கள். அதற்கு முன்னால், அதே பெயரில் கடை போட்டு மூடினவர் ஒருவரையாவது தேடிப்பிடித்துப் பேசிவிடுங்கள்.

கணக்கைக் கேட்ட அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "எங்கப்பா வயலைப் பாட்டத்துக்கு விட்டாரு, பாட்டக்காரன் நெல்லு அளந்தான். இப்ப கட்டடமும் எனக்கு, அளந்து குடுக்கவும் நானா?"

புத்தகத்துக்கு இதைவிட நல்ல விமர்சனம் என்னால் எழுத முடியாது.