இசைத்தட்டில் ஒலித்த முரசு

ஒரு பாடகரின் வாழ்வை அளக்கப் புகுவோர் பெரும்பாலும் எண்ணிக்கையிலேயே மயங்கிவிடுகின்றனர். இத்தனை ஆயிரம் பாடல்கள், இத்தனை ஆயிரம் மேடைகள் என்று அடுக்கி முடித்ததும் கட்டுரையும் முடிந்துவிடுகிறது. அப்பாடல்களுள் எது எதை மாற்றியது என்னும் வினா எழுவதேயில்லை. மர்ஹூம் இசைமுரசு நாகூர் இ.எம். ஹனீபா அவர்களைப் பற்றி வெளிவந்துள்ள புகழுரைகளிற் பெரும்பகுதி இத்தகையதே. 1925 டிசம்பர் 25இல் இராமநாதபுரத்தில் பிறந்து, நாகூரில் வளர்ந்து, 2015 ஏப்ரல் 8இல் சென்னையில் மறைந்த அப்பெருமகனாரின் ஒலிப்பதிவு வாழ்வை மட்டும் ஈண்டுத் தனியே எடுத்து நோக்க விழைகிறோம்.

அவர் முறையாக இசை பயின்றவர் அல்லர். அதே நாகூரில் எஸ்.எம்.ஏ. காதர் அவர்களைப் போன்ற கருநாடக இசை வல்லார் வாழ்ந்தனர். ஆனால் ஹனீபா அவர்களுக்குப் பள்ளிக்கூடமாக அமைந்தவை திருமண ஊர்வலமும் பைத்துப் பாடும் குழுவுமே. மாப்பிள்ளை ஊர்வலத்தில் பாடுபவனுக்கு இராக ஆலாபனை எதற்கு? கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் சொல் தெளிவாகச் சென்று சேரவேண்டும், அவ்வளவுதான். எட்டுக் கட்டை உயரத்தில் நின்று, ஒவ்வோர் எழுத்தையும் உடையாமல் உருட்டிவிடும் அந்தக் குரல் தெருவிலே விளைந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தின் அடைத்த சுவர்களுக்குள் போய் நின்றபோதும் அது தெருவை மறக்கவில்லை.

அக்குரல் ஏறி அமர்ந்த இசைத்தட்டோ மிகக் குறுகிய இருக்கை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடங்களுக்குச் சற்று மேலாகவே பாட முடியும். நம் மரபோ நீண்ட மரபு. கிஸ்ஸாக்களும் மாலைகளும் முனாஜாத்துகளும் இரவெல்லாம் பாடப்பெற்றவை. சீறாவின் ஒரு படலத்தைப் பொருள் சொல்லிப் படிக்கவே ஓர் இரவு போதாது. அத்தகைய மரபின் வாரிசு மூன்று நிமிடத்துக்குள் ஒரு பல்லவியும் இரண்டு மூன்று சரணங்களுமாகத் தம்மைச் சுருக்கிக்கொள்ள நேர்ந்தது. இதனால் நாம் இழந்தது கதை, பெற்றது பல்லவி. கிஸ்ஸாவைக் கேட்டவர் அதனை வீட்டுக்கு எடுத்துச் சென்றாரில்லை. பல்லவியையோ அடுப்படியில் நின்ற தாய்மாரும் எடுத்துக்கொண்டனர். தமிழ் முஸ்லிம் இல்லங்களின் செவியைச் சென்ற நூற்றாண்டில் மாற்றியமைத்தது இந்தச் சுருக்கமே என்பது நம் கருத்து. புலவர் பெருமக்கள் பொறுத்தருள்க!

குறையும் உண்டு. அவர் பாடல்களிற் பல இந்தித் திரைப்பட மெட்டுகளைத் தழுவியவை. இரவல் மெட்டில் நபிபுகழ் பாடும்போது, கேட்பவன் மனம் ஒரு கணம் திரையரங்குக்குப் போய்த் திரும்புகிறது. குரலின் வலிமையால் அவர் அதனை மீட்டுவிடுகிறார் என்பது உண்மை; எல்லாப் பாடல்களிலும் மீட்டார் என்று கூற மாட்டோம்.

அடுத்து நோக்கத்தக்கது கழகப் பாடல்கள். நம் திருச்சிக்கு வடகிழக்கே உள்ள டால்மியாபுரத்துக்குக் கல்லக்குடி என்ற பெயரை மீட்க 1953 ஜூலையில் நடந்த போராட்டத்தில் மு. கருணாநிதி அவர்கள் தண்டவாளத்தில் படுத்துச் சிறை சென்றதை இப்பகுதி மக்கள் நன்கறிவர். அந்நிகழ்ச்சி நாடெங்கும் பரவியதில் செய்தித்தாளுக்கு ஈடான பங்கு ஹனீபா அவர்களின் பாட்டுக்கும் உண்டு. அண்ணாவைப் பற்றிய பாடலைப் பதிவுசெய்ய எச்.எம்.வி. நிறுவனம் தயங்கியபோது, அதைப் பதியாவிட்டால் சமயப் பாடல்களும் இல்லை என்று அவர் உறுதியாக நின்றதாகவும், பின்னர் அத்தட்டே மிகுதியாக விற்றதாகவும் சொல்லப்படுவதுண்டு. அரசியலையும் சமயத்தையும் ஒரே தொண்டையில் வைத்தார் என்று நம்மவருள் முகஞ்சுளித்தோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. மீலாது மேடைக்கு ஒரு குரல், மாநாட்டுக்கு ஒரு குரல் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. பள்ளிவாசல் பக்கமே வந்திராத பல்லாயிரவர் அக்குரலுக்கு முதலில் பழகியது கழக மேடைகளில்தான். பிறகு அதே குரல் நபிபுகழ் பாடியபோது அவர்களுக்கு அது அயலார் பாட்டாகத் தோன்றவில்லை.

திரைப்படப் பாடல்களை விரைவில் கடந்துவிடலாம். 1961இல் வந்த ‘பாவ மன்னிப்பு’ படத்தில் டி.எம். சௌந்தரராஜனுடன் இணைந்து பாடினார். விசுவநாதன்–இராமமூர்த்தி இசை, கண்ணதாசன் சொல். பெருநாள் வந்தால் இன்றும் ஒலிக்கும் பாட்டு அது. எனினும் திரைக்கு அவர் விருந்தினராகவே சென்று வந்தார். இளையராசா இசையில் ‘செம்பருத்தி’ (1992), ‘ராமன் அப்துல்லா’ (1997) ஆகிய படங்களில் பாடியபோது முதுமை குரலில் தெரிகிறது. கரகரப்பு ஏறிய அந்தக் குரலை மறைக்க முயலாமல், அதையே அழகாகக் கொண்டது இசையமைப்பாளரின் நுண்ணறிவு.

‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பாடலைக் குறிப்பிடாது இக்கட்டுரையை முடிக்க இயலாது. அதன் சொற்கள் எளிய தமிழ்ச் சொற்கள். எந்த மதத்தாரையும் வாசலில் நிறுத்தி வைக்காதவை. பாடகரும் வழக்கமான முழக்கத்தைக் குறைத்து, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோலத் தொடங்குகிறார். முரசுக்கு அடங்கவும் தெரியும் என்பதற்கு இதுவே சான்று. அதை இயற்றியவர் கிளியனூர் ஆர். அப்துல் சலாம். பாடலை அறிந்த நூறு பேரில் இப்பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? நாகூர் சலீம், புலவர் ஆபிதீன் ஆகியோர்க்கும் இதே நிலைதான். ‘ஹனீபா பாட்டு’ என்ற ஒரு சொல் கவிஞர் அனைவரையும் விழுங்கிவிட்டது.

எண்பதுகளில் ஒலிநாடா பெருகியதும் பழைய பாடல்கள் புதிய மின்னிசைக் கருவிகளோடு மீண்டும் பாடப்பெற்றன. எடமலைப்பட்டி புதூரில் நண்பர் ஒருவர் இல்லத்தில் ஒரே பாடலின் பழைய தட்டையும் பிந்திய ஒலிநாடாவையும் அடுத்தடுத்துக் கேட்டோம். தட்டில் ஊசியின் இரைச்சலுக்கு மேலாகக் குரல் எழுகிறது. ஆர்மோனியம் அதன் பின்னே அடக்கமாக நடக்கிறது. ஒலிநாடாவில் கருவிகள் முன்னே ஓடுகின்றன. முதியவர் ஒருவர் அவற்றைப் பிடிக்க விரைகிறார். இன்றைய இளைஞர் கைப்பேசியில் கேட்டு, ‘ஹனீபா’ என்று எண்ணுவது பெரும்பாலும் இந்தப் பிந்திய வடிவத்தையே.

அரக்கால் ஆன பழைய தட்டு கைதவறினால் உடையும். உறையிலும் வில்லையிலும் பதிவான ஆண்டைக் காண்பது அரிது, எண் மட்டுமே இருக்கும். அவ்வெண்களையும், பாடலாசிரியர் பெயர்களையும், உடன் வாசித்தோர் பெயர்களையும் ஒருங்கே திரட்டி ஒரு முழு அட்டவணை வெளியிடுவது நம் இலக்கியக் கழகங்கள் செய்யத்தக்க பணி. சீறாவுக்கும் மஸ்தான் சாகிபுக்கும் பதிப்புகள் கண்ட சமுதாயம் இது. தட்டுகளை வைத்திருப்போர் நரைத்த தலையினர். அவர்தம் பேரர் வீடு மாற்றும் நாளில் முதலில் பழைய சாமான் வண்டிக்குப் போவது அந்தப் பெட்டிதான்.