எழுவாய் இல்லாத வாக்கியம்

உரைநடை என்றால் நமக்குச் சிறுகதை, நாவல். ஆனால் தாம்பரத்திலும் பம்மலிலும் சிட்லபாக்கத்திலும் ஒரு குடும்பஸ்தர் பயத்துடன் சொல் சொல்லாகப் படிக்கும் தமிழ் வேறு: சொத்துவரி அறிவிப்பின் தமிழ். விமர்சகர்கள் அதைத் தொட்டதில்லை. நானும்தான்.

2018இல் தமிழகத்தில் சொத்துவரி உயர்த்தப்பட்டது. 2019 நவம்பரில் உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. கூடுதலாகக் கட்டிய தொகை பின்வரும் அரையாண்டுகளில் ஈடுசெய்யப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் தாம்பரம் மாநகராட்சியாக இணைக்கப்பட்டன. 2022 ஏப்ரலில் வரி மறுபடி உயர்த்தப்பட்டது. ஒரே வீட்டின் கணக்கைப் போட்டு, திருத்தி, மறுபடி போட எத்தனை கைகள், எவ்வளவு காகிதம்!

மேலே நான் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். உயர்த்தப்பட்டது, நிறுத்திவைக்கப்பட்டது. ஆளே இல்லை. அந்த நோய் எனக்கும் தொற்றியிருக்கிறது. எழுவாயைப் போட்டு எழுதுகிறேன்: உயர்த்தியதும் நிறுத்தியதும் எடப்பாடி பழனிசாமியின் அரசு, மறுபடி உயர்த்தியது ஸ்டாலினின் அரசு. அதுவும் 15ஆவது நிதிக் கமிஷனின் நிபந்தனையைக் காட்டியது. எழுவாய் தில்லிக்கு நகர்ந்துவிட்டது.

2022 உயர்வில், தாம்பரம் பகுதிக் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம்; 601 முதல் 1200 வரை 50. நடுவே இருப்பது ஒரு குடம் வைக்கும் இடம். அந்த ஒரு அடிக்கு உயர்வு இரட்டிப்பாவது ஏன் என்று கேட்க வாக்கியத்தில் ஆளில்லை.

வரியே கூடாது என்பதல்ல என் கட்சி. சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் பணம் வேண்டும். விதித்தவன் முகம் தெரியவேண்டும் என்கிறேன்.

காஃப்கா 1908 முதல் 1922 வரை பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தொழிற்சாலைகளை ஆபத்துக்கேற்ப வகைபிரித்துச் சந்தா விதிப்பது, அதை எதிர்த்த முறையீடுகளுக்குப் பதில் எழுதுவது அவர் பிழைப்பின் பகுதி. அந்த வாக்கியத்தை அவர் உள்ளிருந்து அறிந்தவர். நாமோ 'விசாரணை'யை ஆன்மிகச் சிக்கலாக மட்டுமே வாசித்துத் திருப்திப்பட்டுக்கொண்டோம்.

குமாஸ்தாவைக் கேலி செய்யும் கவிதைகள் நம்மிடம் போதுமானவை உண்டு. அது சுலபம். பாவம், அவர் அந்த வாக்கியத்தை உண்டாக்கவில்லை, நகலெடுக்கிறார். ஒரு நாவலிடம் காட்டும் கண்டிப்பை அந்த அறிவிப்பிடமும் நாம் காட்டவேண்டும். அடுத்த அரையாண்டு நோட்டீஸிலிருந்து தொடங்கலாம்.