பிறகு என்ன ஆயிற்று?

கல்கியைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத சமாதானம் சொல்லியாக வேண்டும் என்பது தெரியும். சிறுபத்திரிகைக்காரன் கல்கியைப் பதினைந்து வயதில் விழுந்து விழுந்து படித்துவிட்டு, இருபதில் மறுத்துவிட்டு, அப்புறம் அந்தப் பெயரை ஒரு வசவாக மட்டும் உபயோகிக்கிறவன். நானும் அப்படித்தான். அவரைத் திரும்பத் தூக்கி நிறுத்தும் உத்தேசம் இப்போதும் இல்லை. நான் சொல்ல வந்தது அவருடைய வாசகர்களைப் பற்றி. முடிந்துபோன கதைக்கு மேலும் வேண்டும் என்று கேட்டவர்களைப் பற்றி. கேட்டது கிடைத்தபோது அவர்கள் செய்ததைப் பற்றி.

2023 ஏப்ரல் 28ந் தேதி மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் வெளிவந்தது. அந்த வாரமே செங்கல்பட்டில் ஒரு தியேட்டரில் பார்த்தேன். கூட வந்தவள் என் அக்கா பெண், பதினைந்து வயது. முதல் பாகம் வந்தது 2022 செப்டம்பர் 30. இடைப்பட்ட ஏழு மாதத்தில் ஐந்து பாக நாவலையும் அவள் படித்து முடித்திருந்தாள். படம் விட்டு வெளியே வந்ததும் கணக்கெடுக்க ஆரம்பித்தாள். மணிமேகலை இல்லை. சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்ற முடிச்சு இல்லை. இன்னும் எது எது விட்டுப் போயிற்று, எது எது மாறிப் போயிற்று என்று பட்டியல் நீண்டது. சுற்றி நின்ற அவள் வயதுப் பிள்ளைகளும் இதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள். "அது சரி, படம் எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "அதைத்தானே மாமா சொல்லிட்டிருக்கேன், மாத்திட்டாங்க" என்றாள்.

அந்தப் பதில் எனக்கு உறுத்தலாக இருந்தது. காரணம் சொல்ல 1954க்குப் போக வேண்டும்.

'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் 'கல்கி' வாரப் பத்திரிகையில் தொடங்கி மூன்றரை வருஷம் நடந்தது. சரித்திர நாவல் என்று பெயர். ஆனால் சுரங்க வழி, மாறுவேஷம், உருவ ஒற்றுமை, வால் நட்சத்திரம், ஊமை ராணி என்று அதை ஓட்டிச் செல்கிற சரக்கெல்லாம் மாயாஜாலக் கதையின் சரக்கு. அது பிடிபடுகிற வயது பதின்மூன்றுக்கும் பதினெட்டுக்கும் நடுவே. பெரியவர்கள் படித்தாலும் அந்த வயதுக்குத் திரும்பித்தான் படித்தார்கள். அது முடிந்தபோது வாசகர்கள் திருப்திப்படவில்லை. கதை பொசுக்கென்று நின்றுவிட்டது, இன்னார் கதி என்ன, இன்னாருக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டு எழுதினார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுத நேர்ந்தது. புத்தகத்தின் கடைசியில் இன்றும் அது இருக்கிறது. முழுக் கற்பனைக் கதையை ஆசிரியன் தன் இஷ்டப்படி முடித்துவிடலாம், சரித்திரம் அப்படி ஓர் இடத்தில் நிற்காது என்கிற வகையில் அதில் ஒரு நியாயம் பேசுகிறார். பேசிவிட்டு, பாத்திரங்கள் சிலருடைய பிற்கால வாழ்க்கையையும் சொல்லிவிடுகிறார். நியாயத்தை எடுத்துவைத்த கையாலேயே அதை விட்டுக்கொடுக்கிற காரியம் இது.

இதில் நமக்கு அக்கறை இருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பது வெறும் கதைக் கேள்வி அல்ல. உடையார்குடிக் கல்வெட்டு, முதலாம் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சி ஆண்டைச் சேர்ந்தது, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாஸன், பரமேச்வரன் ஆகியோரைச் சொல்கிறது. அவர்களைச் சார்ந்தவர்களின் நிலம் பறிமுதலான செய்தியைத் தருகிறது. அவர்களுக்குப் பின்னால் யார் என்பதைச் சொல்லவில்லை. நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார். பின்னால் வந்தவர்கள் அதை மறுத்தார்கள். நாவலில் கல்கி கரிகாலனைக் கடம்பூர் மாளிகையின் இருட்டில் சாகவிடுகிறார். குத்தியது யார் கை என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதில்கள் கிடைக்கின்றன. எதன் மேலும் ஆசிரியர் முத்திரை குத்துவதில்லை. லக்ஷக்கணக்கான பேர் படிக்கிற வாரப் பத்திரிகைத் தொடரில், மையமான கொலையைத் தீர்த்துவைக்காமல் விட்டார்.

முடிவற்ற தன்மை, வாசகனிடம் விடப்படும் இடைவெளி என்றெல்லாம் நாம் பேச ஆரம்பித்தது பிற்பாடு. சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கவே 1959 ஆயிற்று. அந்த இடைவெளி கல்கியிடம் இருந்ததை நாம் கவனிக்கவில்லை; நாம்தான் அவரைப் படிப்பதை விட்டிருந்தோமே. கவனித்தவர்கள் அவருடைய வாசகர்கள். ரஸித்துக் கவனிக்கவில்லை, கோபப்பட்டுக் கவனித்தார்கள். என் அபிப்ராயத்தில் அந்தக் கோபம் ஒரு படிப்பு. எது சொல்லப்படவில்லை என்று சரியாகத் தொட்டுக் காட்டுகிறவன், சொல்லப்பட்டதை முழுக்க வாங்கிக்கொண்டவன். அவன் கேட்ட பரிகாரம் தப்பாக இருக்கலாம். கேட்ட இடம் தப்பில்லை.

பரிகாரம் நிறையவே வந்தது. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். அநுஷா வெங்கடேஷ் 'காவிரி மைந்தன்' எழுதினார். பாலகுமாரனின் 'உடையார்' ராஜராஜனை ஆறு பாகங்களில் பின்தொடர்ந்தது. 1954 டிசம்பர் 5ல் கல்கி இறந்தபோது பாதியில் நின்ற 'அமரதாரா'வை, அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி முடித்துக் கொடுத்தார். 1999ல் கல்கியின் எழுத்துக்கள் நாட்டுடைமையான பிறகு, மூல நூலை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றாயிற்று. இத்தனைக்கும் பிறகு அந்தக் கேள்வி தீர்ந்துவிட்டதா? தீரவில்லை. பதிலைப் பெற்றுக்கொண்ட வாசகன் திரும்பவும் கல்கியிடமே போய் அதே இருட்டறையில் நிற்கிறான்.

தொடர்ச்சி என்பதைக் கல்கியே வேறொரு விதமாகச் செய்து பார்த்திருக்கிறார். அதற்கு இடம் நம் பக்கத்துக் கடற்கரை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டருக்குள். 'பார்த்திபன் கனவு' 1941லிருந்து 1943 வரை வந்தது. நாடு கடத்தப்பட்ட சோழ இளவரசன் விக்கிரமன் ரத்தின வியாபாரி வேஷத்தில் வந்து இறங்குகிற துறைமுகம் மாமல்லபுரம். அதில் நரசிம்மவர்மன் வயதானவன், குந்தவியின் தகப்பன், சிவனடியார் வேஷத்தில் அலைகிறவன். அடுத்து 1944லிருந்து 1946 வரை வந்த 'சிவகாமியின் சபதம்' கதையை முன்னால் கொண்டுபோகவில்லை, பின்னால் கொண்டுபோயிற்று. முந்தைய புத்தகத்தின் கிழட்டு வேஷதாரி இதில் காதலிக்கிற இளைஞன். சிறுத்தொண்டர் இதில் காஞ்சிக்கு நடந்து வருகிற பரஞ்சோதி என்ற பையன். இந்த நாவலுக்கான எண்ணம் ரஸிகமணி டி.கே.சி.யோடும் நண்பர்களோடும் மாமல்லபுரம் கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்தபோது உதித்தது என்று முன்னுரையில் கல்கி எழுதியிருக்கிறார்.

அலெக்ஸாண்டர் டூமா 1844ல் மூன்று போர்வீரர்களின் கதையை எழுதிவிட்டு, அடுத்த வருஷமே அவர்களை இருபது வயது கூடியவர்களாகக் கொண்டுவந்து நிறுத்தினார். தொடர்ச்சியின் வேலை மூப்பைக் காட்டுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கல்கி அதைத் தலைகீழாக்கினார். 1944ன் வாசகனுக்கு நரசிம்மன் எப்படிப்பட்ட கிழவனாகப் போகிறான் என்பது தெரியும். அவனுக்கு அரண்மனையும் பெண்ணும் பிள்ளையும் உண்டு, அந்த வீட்டில் ஆயனர் மகள் சிவகாமி இல்லை என்பதும் தெரியும். தெரிந்தும் அவன் வாரா வாரம் காத்திருந்தான். வாதாபி எரிந்து, சபதம் நிறைவேறி, திரும்பி வந்த சிவகாமி மன்னனை ராணியோடும் குழந்தைகளோடும் பார்க்கிற இடத்தில் அவனுக்குத் தெரியாதது எதுவுமே இல்லை. இருந்தும் அந்த இடம் அவனைத் தாக்கியது. 'என்ன ஆயிற்று' என்ற கேள்வி போய், 'இப்படி ஆக எப்படிச் சம்மதித்தார்கள்' என்ற கேள்வி வந்துவிட்டது. கல்கியின் நடை, உபகதை, வாராந்தரக் கொக்கி எல்லாவற்றையும் மீறி இது இலக்கிய பூர்வமான கேள்வி.

ஆகவே, முன்கூட்டித் தெரிந்திருப்பது வாசிப்பைக் கெடுத்துவிடுகிறது என்று சொல்ல மாட்டேன். தெரிந்ததை வைத்து வாசகன் என்ன செய்கிறான் என்பதுதான் பிரச்னை. 1944ன் வாசகன் அதைச் சுமந்துகொண்டு படித்தான். 1954ன் வாசகன் தெரியாததைக் கேட்டுச் சண்டை பிடித்தான். 2023ன் வாசகன் தெரிந்ததைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று சரிபார்க்கிறான். முந்தைய இருவரும் கதைக்குள் இருந்தார்கள். இவன் கதைக்குக் காவல் இருக்கிறான். மணிரத்னத்தின் மாற்றங்கள் நல்லவையா என்பது தனி விவாதம். எனக்கே சிலவற்றில் ஒப்புதல் இல்லை. ஆனால் அவற்றை எதிர்த்து எழுந்த குரலில், அவை என்ன செய்கின்றன என்ற விசாரணையை நான் கேட்கவில்லை. இல்லை, இல்லை, இல்லை என்ற எண்ணிக்கையைத்தான் கேட்டேன்.

இதைப் பொதுஜன ரஸனையின் குறை என்று தள்ளிவிட்டு நாம் கைகழுவ முடியாது. காவல் காப்பதை நம்மை விடத் தீவிரமாகச் செய்தவர் யார்? நம் பட்டியலும் ஐம்பது வருஷமாக அதே பத்துப் பெயர்தான். புதிதாக ஒருவன் எழுதினால் அது புதுமைப்பித்தனில் இருக்கிறதா, மௌனியில் இருக்கிறதா என்று நாமும் டீக்கடையில் சரிபார்த்திருக்கிறோம். என் அக்கா பெண் சேந்தன் அமுதனைத் தேடியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் புத்தகங்களின் தரம் மட்டுமே. வாசிக்கிற முறையில் வித்தியாசம் இல்லை.

அந்தக் கோடை விடுமுறையில் அவளை மாமல்லபுரம் அழைத்துப் போனேன். 'சிவகாமியின் சபத'த்தை அதற்குள் படித்துவிட்டிருந்தாள். 'பார்த்திபன் கன'வை இன்னும் தொடவில்லை. கால வரிசைப்படி படிக்கச் சொன்னார்களாம். ஆக, 1944ன் வாசகனுக்குக் கிடைத்தது இவளுக்குக் கிடைக்கப்போவதில்லை. இங்குள்ள எல்லாமே ராஜசிம்மன் காலத்தவை என்று இரா. நாகசாமி 1962ல் வாதித்ததைச் சொன்னேன். மாமல்லனை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. சண்டைக்கு வந்தாள். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

அர்ஜுனன் தபஸ் என்கிற பெரிய பாறையைப் பார்த்த பிறகு, அதே விஷயத்தைச் செதுக்க ஆரம்பித்து அரைகுறையாக விட்ட இன்னொரு பாறைக்குக் கூட்டிப் போனேன். அங்கே கூட்டமில்லை. உருவங்கள் பாறையிலிருந்து பாதி வெளியே வந்து நிற்கின்றன. "ஏன் நிறுத்திட்டாங்க?" என்றாள். யுத்தம், மன்னன் மாறினது, பாறையில் பழுது என்று பலரும் பலது சொல்வதைச் சொன்னேன். "இதுல எது சரி?" என்றாள். தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் பாறையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கரிகாலனைக் கொன்றது யார் என்று நான் நினைக்கிறேன் என்று கேட்டாள்.

படத்தைப் பார்த்த அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கடற்கரைக்கு நடந்துபோகிற வரைக்கும் இருவரும் அதைப் பற்றித்தான் பேசினோம். ஒரு முடிவுக்கும் வரவில்லை.