டீ குடித்த லேப்டாப்

இந்த வாரம் ஒரு நாவலுக்கு மதிப்புரை எழுதுவதாக இருந்தேன். பாதி எழுதியும் விட்டேன். அந்தப் பாதி லேப்டாப்பில் இருக்க, லேப்டாப் பாடாலூரில் டீ குடித்துவிட்டது. எனவே நாவலுக்குப் பதிலாக வேறொரு படைப்பை எடுத்துக்கொள்கிறேன். ஒரே பக்கம். ஆசிரியர் பெயர் கிடையாது. ஆனால் படித்தவர்கள் எல்லோரும் கடைசியில் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். தலைப்பு, 'எஸ்டிமேட்'.

முதலில் சம்பவம். சென்னையிலிருந்து திருச்சி போகிற வழியில் பெரம்பலூர் தாண்டினால் பாடாலூர். நாரணமங்கலம் டயர் ஃபாக்டரியில் ஷிஃப்ட் முடித்தவர்களும் சின்ன வெங்காய மூட்டை ஏற்றிய வண்டிக்காரர்களும் நிற்கிற ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வைத்திருந்த கிளாஸை யாரும் தட்டிவிடவில்லை. என் முழங்கைதான். முக்கால் கிளாஸ், சர்க்கரை தூக்கலாக, நேரே கீபோர்டில். திரை ஒரு தடவை சிமிட்டிவிட்டு அணைந்தது.

"அரிசியில போடுங்க சார். வீட்ல புழுங்கல் இருக்கு, எடுத்தாரச் சொல்லவா?" என்றார் டீக்கடைக்காரர், நிஜமான அக்கறையோடு.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். துண்டால் துடைத்தேன். கவிழ்த்துப் பிடித்தேன். ஊதினேன். பத்து நிமிஷம் கழித்து, உயிர் இருக்கிறதா பார்ப்போம் என்று பவர் பட்டனை அழுத்தினேன். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. போதாததற்கு சார்ஜரையும் சொருகிப் பார்த்தேன். டீ செய்தது வெறும் காயம்தான். கொலைக்கு முயன்றது நான் என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் திருச்சியில் சர்வீஸ் சென்டர். ஏ.சி., டோக்கன், சோபா. டை கட்டிய இளைஞர் அடி மூடியைக் கழற்றினார். உள்ளே ஒட்டியிருந்த குட்டி ஸ்டிக்கரைப் பார்த்தார். மூடினார். மொத்தம் நாலு நிமிஷம்.

"லிக்விட் டேமேஜ் சார். வாரண்டி இருந்தாக்கூட கவர் ஆகாது. மதர்போர்டு மாத்தணும்."

"போர்டுல எங்க போயிருக்கு?"

"போர்டே போயிருக்கு சார்."

பிறகு பிரின்டரிலிருந்து நம் படைப்பு வெளிவந்தது. மதர்போர்டு 28,400. சர்வீஸ் கட்டணம் 1,500. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 5,382. ஆக மொத்தம் 35,282 ரூபாய். கீழே பொடி எழுத்தில்: 'தகவல் இழப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல.'

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தத் தாளைப் பார்த்தாலும் அதில் எந்த வரி இல்லை என்றுதான் முதலில் தேடுவான். இதில் 'பழுது' என்ற வரியே இல்லை. என்ன கெட்டது, எப்படிக் கண்டுபிடித்தார்கள், எதை அளந்தார்கள், ஒன்றும் இல்லை. 'லிக்விட் டேமேஜ்' என்பது காரணம். நோயின் பெயர் இல்லை. கீழே விழுந்தவனை டாக்டரிடம் கூட்டிப்போனால் 'விழுந்திருக்கிறார்' என்று எழுதிக்கொடுத்து, உடம்பை மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்வோமா?

ஆனால் கணக்கு என்று பார்த்தால் இந்தத் தாள் ரொம்ப சாமர்த்தியமானது. என் லேப்டாப் மூன்று வருஷத்துக்கு முன் 52,000 ரூபாய். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் (ஒரு காலத்தில் 60 ஆக இருந்தது). மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால் புத்தகத்தில் அதன் மதிப்பு 11,232 ரூபாய். அதற்கு 35,282 செலவு செய்யச் சொன்னால் எந்த ஆடிட்டரும் தலைமுழுகச் சொல்வார். எஸ்டிமேட்டின் வேலையே அதுதான் என்பது என் சந்தேகம். அது பழுது பார்ப்பதற்கான விலை இல்லை. பக்கத்து ஷோரூமுக்கு வழி காட்டும் பலகை. அந்த இளைஞரைக் குறை சொல்லவில்லை. அவருக்குக் கொடுத்திருக்கிற அகராதியில் இருப்பது அந்த ரெண்டு வார்த்தைதான்.

அந்த ஸ்டிக்கரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஈரம் பட்டால் வெள்ளை சிவப்பாகும். பட்டதா இல்லையா என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. ஐபோனில் இந்த மாதிரி ஸ்டிக்கர் நிறம் மாறியதை மட்டும் வைத்து வாரண்டியை மறுத்தார்கள் என்று அமெரிக்காவில் வழக்கு நடந்தது. காற்றின் ஈரப்பதத்துக்கே நிறம் மாறலாமே என்பது வாதம். 2013ல் ஆப்பிள் தப்பை ஒப்புக்கொள்ளாமலே 5.3 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. சென்னையின் நவம்பர் மாதத்தில் என் கண்ணாடியே வியர்க்கிறது. ஸ்டிக்கர் எம்மாத்திரம்!

மறுநாள் திரும்பும் வழியில் அதே டீக்கடை. "அரிசியில போட்டீங்களா சார்?" என்று கேட்டவரிடம் எஸ்டிமேட் கதையைச் சொன்னேன். "முப்பத்தஞ்சா! மாடியில ஒரு தம்பி இருக்கான், காட்டிட்டுப் போங்க. போனுதான் பார்ப்பான். லேப்டாப்பும் பார்க்கறான்."

மாடியில் பத்துக்குப் பத்து அறை. ஒரு மைக்ராஸ்கோப், மல்டிமீட்டர், சால்டரிங் ஸ்டேஷன், மூக்குக்கண்ணாடிக் கடைகளில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு அல்ட்ராசானிக் தொட்டி. தம்பிக்கு முப்பது வயசுக்குள் இருக்கும். அவர் கேட்ட முதல் கேள்வியே வேற. "என்ன கொட்டுச்சு? தண்ணியா, டீயா, ஜூஸா?" இரண்டாவது, "கொட்டின பிறகு ஆன் பண்ணீங்களா?"

நாலு தடவை என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மூடியைக் கழற்றி முதலில் பேட்டரி இணைப்பைப் பிரித்தார். அடுத்து சூயிங்கம் பட்டை மாதிரி ஒரு சமாச்சாரத்தை ஒரே ஸ்க்ரூவில் கழற்றி என் கையில் வைத்தார். "உங்க டேட்டா இதுதான் சார். இதுல ஒரு சொட்டு டீகூடப் படல." எந்தத் தகவலுக்குப் பொறுப்பல்ல என்று என்னிடம் கையெழுத்துக் கேட்டார்களோ, அது ஒரு ஸ்க்ரூ தூரத்தில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. கழற்றிக் கொடுங்கள் என்று திருச்சியில் நான் கேட்டதற்கு "பாலிசி இல்ல சார்" என்றார்கள். (எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. டேப்லெட்டிலும் சில ஒல்லி லேப்டாப்புகளிலும் சேமிப்புச் சிப்பையே போர்டில் பற்றவைத்துவிடுகிறார்கள். அங்கே போர்டு பிழைத்தால்தான் போட்டோ பிழைக்கும். டேப்லெட்டில் இன்னொரு சள்ளை, திரையைச் சூடுகாட்டிப் பசையை இளக்கினால்தான் உள்ளேயே போக முடியும்.)

மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். பித்தளைப் பாத்திரத்தில் பிடிக்குமே, அதே களிம்பு, பச்சையாக, ஒரு மூலையில். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. அதில் கரைந்திருக்கிற உப்புதான் கடத்துகிறது. அந்த ஈரத்தின் வழியே மின்சாரம் ஓடினால் பத்தாம் வகுப்பில் படித்த மின்னாற்பகுப்பு நடக்கிறது. பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கரைகிறது. நாட்கணக்கில் அரிக்க வேண்டியதை மணிக்கணக்கில் அரித்துவிடும். டீயில் சர்க்கரையும் பாலும் கூட. தண்ணீர் காய்ந்தாலும் அவை போகாது. சிப்புக்கு அடியில் பிசுபிசுவென்று தங்கி, காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

அரிசி வைத்தியம் தோற்பது இங்கேதான். அரிசி சுற்றியிருக்கிற காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் வாங்கும். சிப்புக்கு அடியில் இருப்பதைப் போய்க் கூப்பிட்டுக்கொண்டு வராது. அரிசிப் பானையில் சப்போட்டா பழுக்க வைக்கலாம். 2024ல் ஆப்பிளே, நனைந்த போனை அரிசியில் போடாதீர்கள், துகள்கள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று எழுதிவைத்தது. துகள்கூடப் பெரிய விஷயம் இல்லை. அரிசியை நம்பி நாம் சும்மா இருக்கிற நாலு நாள்தான் விஷயம்.

லேப்டாப்பை அணைத்தாலும் பேட்டரி அணைவதில்லை. போர்டின் சில தடங்களில் மின்சாரம் எப்போதும் நிற்கும். பதினைந்து வருஷத்துக்கு முன் நாம் வைத்திருந்த லேப்டாப்பைக் கவிழ்த்தால் அடியில் தாழ்ப்பாள் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? தள்ளினால் பேட்டரி கையோடு வரும். டீ கொட்டியவனுக்கு இருந்த ஒரே முதலுதவி அது. மெலிசாகச் செய்கிறோம் என்ற பெயரில் அதை எடுத்துவிட்டு, பத்து ஸ்க்ரூவுக்கு உள்ளே பேட்டரியைப் பூட்டியது யார்? நானா? பூட்டியவர்களே 'பயனாளரின் கவனக்குறைவு' என்று என்மேல் எழுதுகிறார்கள். ஐரோப்பிய யூனியனின் 2023 பேட்டரி சட்டம், சில விலக்குகள் போக, 2027 பிப்ரவரி 18 முதல் விற்கிற சாதனங்களில் பேட்டரியை வாங்கினவரே கழற்ற முடிய வேண்டும் என்கிறது. அங்கே கழற்ற முடிவது இங்கே முடியாது என்று எந்தக் கம்பெனியாவது சொல்லப்போகிறதா, பார்க்கலாம்.

தம்பி போர்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுத் தேய்த்தார். தொட்டியில் போட்டு எடுத்தார், காயவைத்தார். மீட்டரை வைத்து ஒரு லைன் கிரவுண்டோடு ஷார்ட் என்று கண்டார். அந்த லைனில் ஒரு வோல்ட் கொடுத்து, மேலே ஆல்கஹால் தடவினார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் சட்டென்று ஆவியானது. "இவன்தான் சார்." எள்ளில் பாதி இருக்கும் ஒரு கெப்பாசிட்டர். பழைய போர்டு ஒன்றிலிருந்து வேறொன்றைப் பிடுங்கிப் பற்றவைத்தார். மூன்றரை மணி நேரம். திரை எரிந்தது. கீபோர்டு மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது, புதுசு.

சுத்தம் செய்ய 600, போர்டு வேலை 1,800, கீபோர்டு 1,400. ஆக 3,800. ஒரு துண்டுச் சீட்டில் எந்த லைன், எந்த இடம், என்ன மாற்றினார் என்று தப்புத்தப்பான ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். இலக்கியத் தரத்தில் இதுதான் மேல்.

இதோடு முடித்தால் வெறும் புகழுரை ஆகிவிடும். தம்பியிடம் பில் கிடையாது. முப்பது நாள் வாய் வார்த்தை கேரண்டி. "ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி வராதுன்னு சொல்ல முடியாது சார்" என்று அவரே ஒப்புக்கொண்டார். இதே தொழிலில் சிப்பை ஹீட் கன்னால் வறுத்து, நாலு நாள் ஓடவிட்டுக் காசு வாங்குகிறவர்களும், நல்ல ராமை உருவிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் பட்டவர்தான் அடுத்த தடவை ஏ.சி. சென்டரில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார். வேலை தெரிந்தவன் யார் என்று நமக்குச் சொல்ல ஒரு ஏற்பாடும் இல்லை. தம்பி பார்த்து வேலை செய்த சர்க்யூட் படம்கூட கம்பெனி கொடுத்தது இல்லை. யாரோ எங்கிருந்தோ கசியவிட்டது.

மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் 'ரிப்பேர் உரிமை' என்று ஒரு தளம் ஆரம்பித்தது. நல்ல பெயர். ஆனால் வாரண்டி விதி, சர்வீஸ் சென்டர் விவரம் என்று அதில் கிடைப்பதெல்லாம் நம்மைக் கொண்டுபோய் விடுவது அதே சோபாவில்தான். 2025 மே மாதம் ஒரு கமிட்டி, போன், டேப்லெட்டுகளுக்கு 'எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம்' என்று மதிப்பெண் போட அறிக்கை கொடுத்தது. மதிப்பெண் வரட்டும். பாகத்தை மாற்றுவதற்கு மட்டுமா, பாகத்துக்குள் இருக்கிற எள்ளை மாற்றுவதற்குமா என்பதுதான் என் கேள்வி.

நான் காத்திருந்த நேரத்தில் ஒரு பெரியவர் வந்தார். பக்கத்து ஊர். மஞ்சள் பையில் லேப்டாப். 2011ல் ஆரம்பித்த அரசு திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்களே, அதில் ஒன்று. பெரிய மகளுக்கு வந்தது, இப்போது சின்ன மகள் காலேஜில் வைத்திருக்கிறாள். ஓட்டு வீடு. மழையில் மேலே ஒழுகியிருக்கிறது.

"ஒம்போது நாளா அரிசிக்குள்ளதான் தம்பி வெச்சிருந்தோம்."

தம்பி திறந்து பார்த்தார். களிம்பு போர்டு முழுக்க. "போர்டு தேறாதுங்க ஐயா." பெரியவர் பையை மடித்துக்கொண்டே இருந்தார். "பாப்பா பிராஜெக்ட்டு உள்ள இருக்குன்னு அழுவுது." பழைய மாடல், ஹார்ட் டிஸ்க் தனியாக ஸ்க்ரூவில் கழன்று வந்தது. கேபிள் போட்டுத் தன் கம்ப்யூட்டரில் சொருகினார். அரை நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு ஃபோல்டர்கள் வந்தன. அக்காவின் பெயரில் ஒன்று, தங்கையின் பெயரில் ஒன்று. ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, காசு வேண்டாம் என்றார். பெரியவர் டேபிளில் நூறு ரூபாய் வைத்துவிட்டுத்தான் போனார். புது லேப்டாப்புக்கு என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை.

கீழே இறங்கி இன்னொரு டீ சொன்னேன். லேப்டாப் பைக்குள். போனில் திருச்சியிலிருந்து எஸ்.எம்.எஸ். எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்?

ஒன்று கொடுத்தேன். ஏ.சி. நன்றாக இருந்தது.