பிழை செய்தவர் யார்?

கவிதையையும் நாவலையும் நாடகத்தையும் எடுத்து ஆராய்ந்து, குணம் இது, குற்றம் இது என்று தீர்ப்புக் கூறுவதற்கு இவ்வனுபந்தத்தில் எழுதுவோர் பலர் உண்டு. அவ்வரிசையில் நிற்கத்தக்க புலமை எனக்கில்லை. தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி நான். ஆகவே நான் விமரிசனத்துக்கு எடுத்துக்கொள்வது இரண்டே சொற்களாலான ஒரு வாக்கியம். அதை இயற்றியவர் பெயர் நமக்குத் தெரியாது. ஆயினும் கைப்பேசியில் தமிழ் வாசிப்போர், எந்தக் காவியத்தையும்விட அதிகமான தடவை அதை வாசித்திருப்பார்கள். அவ்வாக்கியம் இது: “பிழை ஏற்பட்டது.”

இத்துணைச் சிறிய வாக்கியத்தில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று அன்பர்கள் கேட்கலாம். சற்றே இலக்கணக் கண்கொண்டு பாருங்கள். “பிழை” என்பது எழுவாய். “ஏற்பட்டது” என்பது பயனிலை. பிழையைச் செய்தவர் எவரோ, அவர் வாக்கியத்தில் இல்லவே இல்லை. பிழையானது தானே பிறந்து, தானே நடந்து வந்து, நம் முன்னே நிற்கிறது! ஆங்கில மூலத்திலும் கதை இதுவே. ஏதோ ஒன்று தவறாகப் போயிற்று என்றுதான் அதுவும் சொல்லுகிறது.

அடுப்பங்கரையில் பானையைப் போட்டு உடைத்த பிள்ளை, “நான் உடைத்தேன்” என்று தாயிடம் சொல்வதில்லை. “பானை உடைஞ்சு போச்சு” என்கிறது. தாயும் சும்மா விடுவதில்லை, “அது தானா உடையுமா? யார் உடைச்சது?” என்று கேட்கிறாள். எழுத்தறியாத தாய்க்கும் “உடைந்தது” என்பதற்கும் “உடைத்தான்” என்பதற்கும் உள்ள வேற்றுமை நன்றாகத் தெரியும். கல்லூரி வரையில் படித்த நாமோ, யந்திரம் அதே வித்தையைக் காட்டும்போது கேள்வி கேட்பதில்லை. நாம்தான் எதையோ தப்பாக அழுத்திவிட்டோம் போலும் என்று தலையைச் சொறிகிறோம். செய்தவன் பெயரை மறைத்த வாக்கியம், அருகில் நிற்பவன் மேல் பழியைப் போட்டுவிடுகிறது. இதுவே அவ்வாக்கியத்தின் முதற் குற்றம்.

நிற்க, இதற்கு மாறான அபிப்பிராயம் ஒன்றும் உண்டு. அதையும் எடுத்துரைப்பதுதான் நியாயம். எங்கள் தானா ராத்தா வட்டாரத்துத் தோட்ட ஆபீசுகள் சிலவற்றின் கணினிகளைப் பராமரிப்பவர், ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் சாலை வழியே மலையேறி வரும் பெரியவர் ஒருவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இத்தொழிலே செய்பவர். தாம் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை யந்திரத்தில் இல்லை என்பார். “தம்பி, கோளாறு இருக்கிற இடம் விசைப்பலகைக்கும் நாற்காலிக்கும் நடுவிலே!” என்று சொல்லிச் சிரிப்பார். இது அவர் தொழிலில் உலகெங்கும் வழங்கும் பழைய வேடிக்கை. விசைப்பலகைக்கும் நாற்காலிக்கும் நடுவில் இருப்பவர் யார்? கிராணியாகிய நான்தான்!

அவர் சொல்லும் குறைகளில் பொய் இல்லை. திரையில் வரும் செய்தியை ஜனங்கள் வாசிப்பதில்லை என்கிறார், உண்மை. கணக்குக்கு இன்னொரு படி எடுத்து வைப்பதில்லை என்கிறார், அதுவும் உண்மை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைப் புதுப்பிக்கிறேன் என்று சொல்லி மாதந்தோறும் கம்பெனிக்காரர்கள் கெடுக்கிறார்கள் என்று அவர் பொருமும்போது நானும் உடன் பொருமுகிறேன். ஆனால் அவரும் நானும் முரண்படும் இடம் ஒன்று உண்டு. ஜனங்கள் செய்தியை வாசிப்பதில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. அச்செய்தி ஜனங்களுக்காக எழுதப்படவேயில்லை என்பது என் மறுமொழி.

கடவுச்சொல் விஷயத்தையே பாருங்கள். மூன்று மாதத்துக்கொருமுறை அதை மாற்று, பெரிய எழுத்தொன்று சேர், எண்ணொன்று சேர், குறியொன்று சேர் என்று உலகத்து ஆபீசுகளெல்லாம் நெடுங்காலம் கட்டளையிட்டன. மனிதர் நினைவில் நில்லாத அச்சொல்லைத் துண்டுக் காகிதத்தில் எழுதித் திரையோரத்தில் ஒட்டினார்கள். அதற்காக ஏச்சும் வாங்கினார்கள். இக்கட்டளைக்குப் பெரிதும் மூலமாயிருந்தது, அமெரிக்க அரசின் தேசியத் தர, தொழில்நுட்பக் கழகத்துக்காக பில் பர் என்பவர் 2003ஆம் ஆண்டில் எழுதிய வழிகாட்டி. 2017ஆம் ஆண்டில் அதே கழகம், காரணமின்றிக் காலக்கெடு வைத்துக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லவேண்டாம் என்று எழுதிவிட்டது. பர் அவர்களும் தாம் எழுதியவற்றில் பலவற்றுக்காக வருந்துவதாகப் பத்திரிகைக்குச் சொன்னார். அவர் நேர்மையைப் பாராட்டுவோம். ஆனால் இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளாகக் காகிதம் ஒட்டியதற்கு ஏச்சு வாங்கியவர்களிடம் வருத்தம் தெரிவித்தவர் எவர்? விதி பிழையாயிருந்தது, விதிக்கு அடங்க முடியாதவர் பிழைகாரர் ஆனார்.

இவ்வளவு சொல்லும் நான் யோக்கியன் என்று வாசகர்கள் எண்ணவேண்டாம். என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்த தோட்டமொன்றில், கொழுந்து நிறுக்குமிடத்தில் கையடக்கக் கருவி ஒன்று இருந்தது. எடையை அது வாங்கிக்கொண்டு, கைப்பேசி அலைவரிசை வழியாக ஆபீஸ் கணக்குக்கு அனுப்பும். மலைச்சரிவில் அலைவரிசை எல்லா நேரமும் கிடைப்பதில்லை. ஒருநாள் மாலை, கருவியின் திரையில் எல்லாம் அனுப்பி முடிந்ததென்று செய்தி வந்தது. ஆபீஸ் கணக்கிலோ வயது முதிர்ந்த ஒரு தொழிலாளியம்மாளின் பெயருக்கு நேரே சுழியம் நின்றது. அவர் வந்து கேட்டார். மூன்று முறை நிறுத்ததாகச் சொன்னார். கூடைக் கயிற்றில் தாம் போட்டிருந்த மூன்று முடிச்சுகளையும் காட்டினார். கணக்கில் இல்லையே அம்மா என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்து, “தராசு பொய் சொல்லாதுங்களா, கிராணி ஐயா? அப்போ நான் சொல்லுவேனா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பேரேட்டில் சுழியத்தையே எழுதினேன்.

கயிற்று முடிச்சு பொய்யாகவும் திரையெழுத்து மெய்யாகவும் எனக்குத் தோன்றியதற்குக் காரணம் யாது? முடிச்சைப் போட்டவர் கூலிக்காரி. திரையெழுத்தைப் போட்டது யந்திரம் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்கு அகப்படவில்லை. ஆங்கிலம் படித்த எனக்கு, சாமியாடியின் வாக்கை நம்பும் மூடநம்பிக்கை கிடையாது என்றொரு கர்வம் உண்டு. திரையின் வாக்கை நம்பியது மட்டும் என்ன நம்பிக்கை?

இஃது ஒரு தோட்டத்துச் சிறு சம்பவம்தானே என்று தள்ளிவிட முடியாது. இதே நம்பிக்கை ஒரு தேசத்தின் நீதிமன்றங்களில் ஏறி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்து காட்டியிருக்கிறது. அந்நாட்டு அஞ்சல் நிறுவனம் 1999ஆம் ஆண்டு முதல் ‘ஹொரைசன்’ என்னும் கணக்கு முறையைத் தன் கிளைகளில் புகுத்தியது. அதை நடத்தியது புஜிட்சு என்னும் கம்பெனி. கிளைகளில் பணம் குறைவதாகக் கணினி காட்டிற்று. கிளையை நடத்தியவர்கள் தாங்கள் எடுக்கவில்லை என்று கதறினார்கள். பலருக்குக் கிடைத்த மறுமொழி, வேறெவருக்கும் இக்கோளாறு இல்லை, உமக்கு மட்டுந்தான் என்பது. 1999 முதல் 2015 வரையில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் குற்றவாளிகள் என்று தீர்ப்புப் பெற்றார்கள். அவர்களுள் இந்திய வம்சாவளியினரும் பலர். சீமா மிஸ்ரா என்னும் அம்மையார் 2010ஆம் ஆண்டில் கர்ப்பிணியாகச் சிறை சென்றார். 1984ஆம் ஆண்டுச் சட்டமொன்று, கணினிச் சான்றைக் கொண்டுவருபவர் அக்கணினி ஒழுங்காக இயங்கியதைக் காட்டவேண்டும் என்று விதித்திருந்தது. அவ்விதியை 1999ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. அதன்பின், மாறாகக் காட்டப்படும் வரையில் கணினி ஒழுங்காகவே இயங்கியது என்று கொள்வது வழக்கமாயிற்று. மனிதன் மெய்யனென்று அவனே நிரூபிக்க வேண்டும். யந்திரத்துக்கு அத்தொல்லை இல்லை!

ஆலன் பேட்ஸ் என்பவரும் தோழர்களும் பல்லாண்டு போராடினார்கள். அம்முறையில் பிழைகள் இருந்தன என்று 2019ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் கூறியது. 2021ஆம் ஆண்டில் மிஸ்ரா உள்ளிட்ட பலரின் தண்டனைகள் ரத்தாயின. 2024ஆம் ஆண்டில் பாராளுமன்றமே சட்டமியற்றி எஞ்சியோரில் பெரும்பாலோரை விடுவித்தது. அதற்குள் சிலர் இறந்தே போயிருந்தார்கள்.

யந்திரத்துக்குக் குற்றவாளியைப் பிரித்தறியத் தெரியாதோ என்றால், நன்றாகத் தெரியும். இணையத்தில் யந்திரமும் யந்திரமும் தமக்குள் பேசும் முறையில், கேட்டவர் பக்கத்துப் பிழைக்கு 400இல் தொடங்கும் எண்களையும், கொடுப்பவர் பக்கத்துப் பிழைக்கு 500இல் தொடங்கும் எண்களையும் 1990களிலேயே வகுத்து வைத்திருக்கிறார்கள். இதை எனக்கு விளக்கியவர் நம் ஈப்போப் பெரியவரேதான். தமக்குள் பேசும்போது, “என் பிழை”, “உன் பிழை” என்று வழக்குப் பிரித்துக்கொள்ளும் யந்திரங்கள், மனிதனிடம் திரும்பும்போது மட்டும் “பிழை ஏற்பட்டது” என்று முகத்தை மூடிக்கொள்வானேன்? அவ்வாறு எழுதச் செய்தவர்கள் மனிதர்கள். ஆகவே திருத்தவேண்டியவர்களும் மனிதர்களே. 404 என்பது, தேடிய பக்கம் கிடைக்கவில்லை என்னும் செய்தி. அது 400 வரிசையில் நிற்கிறது. வீட்டுக்காரன் வீட்டை இடித்துவிட்டுப் போனாலும், விலாசம் தேடி வந்தவன் கணக்கிலேயே பிழை எழுதப்படுகிறது!

இவ்வாறு பழியை மாற்றிப் போடும் வழக்கம் தனிமனிதரோடு நின்றதில்லை. நம் மொழியின் மேலும் வந்தது. ஐம்பதுக்கும் குறைவான விசைகளில் 247 எழுத்துகளை அடக்குவதெங்ஙனம், தமிழ் யந்திரத்துக்கு ஏலாத மொழி என்று சொன்னவர்கள் உண்டு. ஆடமாட்டாதவள் அரங்கு கோணல் என்ற கதையை ஒக்கும் அது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்கு வந்து, வணிக நிறுவனமொன்றில் உத்தியோகம் பார்த்த இரா. முத்தையா, தமிழ்த் தட்டச்சு யந்திரத்தை உருவாக்கி அப்பேச்சுக்கு விடை கொடுத்தார். அவர் என் போன்ற ஆபீஸ் உத்தியோகஸ்தர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையுண்டு. அழுத்தினால் வண்டி நகராத விசையில் புள்ளியை முதலில் இட்டு, அதன்மேல் எழுத்தை அடிக்கும் ஏற்பாடு தமிழ்த் தட்டச்சில் அமைந்தது. அதாவது, யந்திரம் எழுத்துக்கு வளைந்து கொடுத்தது.

பெரியாரோ எழுத்தையே திருத்தினார். அவர் 1935ஆம் ஆண்டில் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட சீர்திருத்தத்தை ஒட்டி, 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு 13 எழுத்துகளின் வடிவை மாற்றி ஆணையிட்டது. இருவர் வழியும் வெவ்வேறு. ஆயினும் இருவர் கேள்வியும் ஒன்றே: இதை வாசிக்கப்போகிறவர், எழுதப்போகிறவர் யார், அவருக்கு எது எளிது? கணினி வந்த பிறகு, ஓர் எழுத்துருவில் எழுதிய கடிதம் மற்றொன்றில் கட்டங்கட்டமாகத் தெரிந்த தொல்லையை நாமெல்லோரும் அனுபவித்தோம். உலகப் பொதுவான ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், தமிழ்நாட்டு அரசு அதைத் தன் தரமாக அறிவித்தது 2010ஆம் ஆண்டில்தான். அக்கட்டங்கள் தமிழின் குறையல்ல. உடன்பட்டு ஒரு முறையைக் கைக்கொள்ளாதவர்களின் தாமதம். அங்கும் “யார்” என்று கேட்டபோதுதான் வழி பிறந்தது.

ஆகவே அவ்விரண்டு சொல் வாக்கியத்தைப் பற்றி என் தீர்ப்பு இது. அது நடை கெட்டது என்பதல்ல என் குறை; நியாயம் கெட்டது. யாருடைய பிழை, அதனால் என்ன போயிற்று, இனி என்ன செய்யவேண்டும், யாரைக் கேட்கவேண்டும் என்னும் நான்கையும், வாசிப்பவரின் மொழியில் சொல்லாத எந்தச் செய்தியும் செய்தியாகாது. எங்கள் மலையில் இப்பொழுது தமிழரோடு வங்காளதேசத்தாரும் நேபாளத்தாரும் இந்தோனேசியரும் கொழுந்தெடுக்கிறார்கள். அவரவர் மொழியில் அது அவரவர்க்குச் சொல்லப்படவேண்டும். அதுவரையில், திரையெழுத்துக்குக் கொடுக்கும் மதிப்பைக் கயிற்று முடிச்சுக்கும் கொடுத்து விசாரிப்பது கணக்கெழுதுவோர் கடமை.

அம்மூதாட்டியின் கணக்கு என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்பார்கள். அடுத்த மாதம் பெரியவர் வந்து கருவியைத் திறந்து பார்த்தார். மூன்று எடையும் அதன் வயிற்றிலேயே இருந்தன, ஒன்றும் அனுப்பப்படவில்லை. பழுதுச் சீட்டில் காரணம் என்ற இடத்தில், பழக்கத்தால், “பயனர் பிழை” என்று எழுதத் தொடங்கினார். “யார் அந்தப் பயனர், ஐயா?” என்று கேட்டேன். அவர் பேனாவை நிறுத்தினார். சற்று நேரம் சீட்டையே பார்த்திருந்துவிட்டு, எழுதியதை அடித்து, “அனுப்பாமலே அனுப்பியதாகக் கருவி காட்டியது” என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

கூலி சேர்ந்தது. நான் லயத்துக்குப் போய் அந்த அம்மாளிடம், “கருவி தப்பாகச் சொன்னது; அதை நம்பி உங்களைப் பொய்க்காரி ஆக்கினவன் நான்” என்றேன். அவ்வாக்கியத்தில் எழுவாய் இருந்தது. அதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.