‘வந்திருக்கிறான்’ எந்தக் காலம்?

வினைச்சொல் காட்டும் காலம் எத்தனை என்று தமிழாசிரியர் எவரை வினவினாலும், மூன்று என்னும் விடை உடனே வரும். வந்தான், வருகிறான், வருவான் என்று எடுத்துக்காட்டும் உடன் வரும். ஆயின், ‘வந்திருக்கிறான்’ என்பது எந்தக் காலம் என்று அடுத்து வினவினால் விடை தயங்கியே வரும். வருகை முடிந்துவிட்டமையால் இறந்தகாலம் என்பர் சிலர். ‘கிறு’ என்னும் இடைநிலை கண்முன் நிற்பதால் நிகழ்காலம் என்பர் வேறு சிலர். அது ஒரு சொல்லே அன்று. ‘வந்து’ என்னும் வினையெச்சமும் ‘இருக்கிறான்’ என்னும் வினைமுற்றும் அடுத்து நின்றன என்று கூறி அமைவாரும் உளர். இம்மூன்று விடைகளும் போதா என்பதும், இப்போதாமையால் நம் மாணவர் இழப்பது பெரிது என்பதும் என் கருத்து.

இவ்வினாவை என்முன் வைத்தவள் என் பழைய மாணவி ஒருத்தி. ஈப்போவில் பணிபுரியும் அவள், ஓய்வு நேரத்தில் ஸ்பானிய மொழி கற்று வருகிறாள். ஒருநாள் என்னைக் காண வந்தபோது, “மற்றவை எல்லாம் ஒருவாறு வருகின்றன ஐயா; இந்த ‘எ கொமிதோ, அபியா கொமிதோ, அப்ரே கொமிதோ’ மட்டும் குழப்புகின்றன” என்றாள். அவற்றின் பொருளைத் தமிழில் கூறு என்றேன். சற்று எண்ணி, “சாப்பிட்டிருக்கிறேன், சாப்பிட்டிருந்தேன், சாப்பிட்டிருப்பேன்” என்றாள். கூறியவுடன் அவள் முகம் தெளிந்தது. பிறகு, “இது நம் மொழியிலேயே இருக்கிறதே! பள்ளியில் நீங்கள் சொல்லித் தரவில்லையே ஐயா” என்றாள். அவள் குறை கூறவில்லை, வியந்தே கூறினாள். எனக்கோ அது குறையாகவே பட்டது.

ஸ்பானியமும் தமிழும்

இரு மொழிகளின் அமைப்பையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். ஸ்பானியத்தில் ‘கொமிதோ’ என்னும் எச்ச வடிவம் மாறுவதில்லை. அதன் முன்னுள்ள ‘அபேர்’ என்னும் துணைவினையே இடத்திற்கும் காலத்திற்கும் ஏற்ப மாறுகிறது: எ கொமிதோ, அஸ் கொமிதோ, ஆ கொமிதோ. தமிழிலும் ‘சாப்பிட்டு’ மாறுவதில்லை. பின்னுள்ள ‘இரு’ மாறுகிறது: சாப்பிட்டிருக்கிறேன், சாப்பிட்டிருக்கிறாய், சாப்பிட்டிருக்கிறான். துணைவினை அங்கே முன்னும் இங்கே பின்னுமாக நிற்பது ஒன்றே வேறுபாடு.

பொருளிலும் ஒற்றுமை உண்டு. ‘ஆப்ரா யெகாதோ’ என்பதன் சொல்லமைப்பு எதிர்காலம். ஆயின் ‘இந்நேரம் வந்து சேர்ந்திருப்பான்’ என்னும் ஊகத்திற்கும் ஸ்பானியர் அதனை வழங்குவர். நாமும் ‘வந்திருப்பான்’ என்று எதிர்கால வடிவத்தால் முடிந்துபோனதை ஊகிக்கிறோம் அல்லவா?

‘அபேர்’ என்பதன் வரலாறும் கருதத்தக்கது. அது ‘உடைத்தாயிரு’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினையின் வழிவந்தது. இன்று ஸ்பானியர் உடைமையைக் கூற அதனை வழங்குவதில்லை. அதற்குத் ‘தெனேர்’ என்னும் வேறு வினை உண்டு. தன் பொருளை இழந்து பிற வினைக்குத் துணையாவதே துணைவினையின் இயல்பு என்பதற்கு இது நல்ல சான்று.

இரு சொல்லா, ஒரு சொல்லா?

நம் ‘இரு’வும் அவ்வாறே தன் பொருளை இழந்ததா? ‘வந்து இருக்கிறான்’ என இரு சொல்லாகப் பிரித்தால் போதாதா? இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. ‘விபத்தில் ஒருவர் இறந்திருக்கிறார்’ என்கிறோம். இதிலுள்ள ‘இருக்கிறார்’ உளராதலைக் குறிக்கும் தனிவினை ஆயின், இறந்தவர் எங்ஙனம் இருப்பார்? ‘அண்ணன் வெளியூர் போயிருக்கிறார்’ என்பதற்கும் அண்ணன் வீட்டில் இல்லை என்பதே பொருள். இல்லாதவரை ‘இருக்கிறார்’ என்று சொல்லும் மொழி, அச்சொல்லை அதன் பழைய பொருளில் வழங்கவில்லை என்பது வெளிப்படை. எழுத்திலக்கணத்தால் பிரிக்கலாம், பொருளால் பிரிக்க இயலாது.

காலம் மூன்று என்னும் மரபுக்கு இதனால் ஊறு நேருமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. வந்திருந்தான், வந்திருக்கிறான், வந்திருப்பான் என்னும் மூன்றும் இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்னும் அம்மூன்று காலங்களுக்குள்ளேயே அடங்குகின்றன. இங்கே சேர்வது நான்காம் காலம் அன்று, வினையின் நிலை. முடிந்துபோன வினை ஒன்றன் பயனோ அடையாளமோ ஒரு காலத்தில் நிலைத்து நிற்கிறது என்பதை ‘இரு’ உணர்த்துகிறது.

துணைவினையை ஏற்றுக்கொண்ட முன்மாதிரியும் நம் இலக்கணத்தில் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தியார், ஆநின்று, கின்று, கிறு என மூன்று நிகழ்கால இடைநிலைகள் கூறினார். ‘உண்ணாநின்றான்’ என்பதிலுள்ள ‘ஆநின்று’, நில் என்னும் வினை உள்ளடங்கிய உருவம் அன்றோ? ஒரு காலத்தில் துணையாய் நின்ற வினையை மக்கள் வழக்கு இடைநிலை ஆக்கியது. இலக்கணம் அதனைத் தழுவிக்கொண்டது. தொல்காப்பியரும், வரவிருப்பதை விரைவு பற்றி இறந்தகாலத்தால் கூறும் வழக்கை ஏற்று வினையியலில் விதி செய்தார். உண்டுகொண்டிருப்பவன் தன்னை அழைப்பவனிடம் ‘இதோ வந்துவிட்டேன்’ என்பது இவ்வகை. காலம் என்பது கடிகாரக் கணக்கு மட்டும் அன்று, சொல்வோன் உள்ளமும் அதில் உண்டு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

பிறர் கண்டதும் நாம் விட்டதும்

16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியரான அண்டிரிக் அடிகளார் ஐரோப்பிய இலக்கண வாய்பாட்டை ஒட்டித் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1728இல் வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு இலத்தீனில் இலக்கணம் வகுத்தார். அயலவர் தம் மொழிகளில் உள்ளவற்றைத் தமிழில் தேடினர்; அதனால் நமக்குப் பழகி மறைந்தவை அவர்கள் கண்ணில் பட்டன. ஆயின், தம் மொழியின் காலப் பெயரைத் தமிழ் வடிவத்திற்குச் சூட்டுவது முதற்படியே. தமிழ் வழக்கில் அது செய்யும் பணி முழுவதும் அப்பெயரில் அடங்காது. அண்மைக் காலத்தில் இ. அண்ணாமலை 1985இலும், தாமஸ் லேமன் 1989இலும் ஆங்கிலத்தில் எழுதிய நூல்கள் துணைவினைகளை விரிவாக ஆராய்ந்தன. இலங்கை அறிஞர் எம். ஏ. நுஃமான் 1999இல் வெளியிட்ட ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ தற்காலத் தமிழையே அடிப்படையாகக் கொண்டது. ஆராய்ச்சி உலகில் குறை இல்லை. குறை வகுப்பறையில்தான் உள்ளது. அக்குறைக்கு நானும் பொறுப்பு.

ஒரு சிவப்புக் கோடு

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், தோட்டத்துச் சிறுமி ஒருத்தி ‘ஒரு நாள் காலை’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதினாள். விடியுமுன் அவள் அம்மா கதவைத் திறந்து பார்த்து, “மழை பெய்திருக்கிறது” என்று சொல்லிவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார் என்பது அதில் ஒரு வரி. ‘பெய்திருக்கிறது’ என்பதைச் சிவப்பு மையால் அடித்து, ‘பெய்தது’ என்று திருத்தினேன். இறந்தகாலம் தெளிவாக இருக்கவேண்டும் என்பது அன்று என் எண்ணம்.

ரப்பர்த் தோட்டத்தை அறிந்தவர்களுக்கு அவ்வரியின் பொருள் விளங்கும். மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. அந்தத் தாய் மழையைக் காணவில்லை, உறங்கிக்கொண்டிருந்தார். ஈரமண்ணைக் கண்டு மழையை அறிந்தார். மரம் நனைந்திருக்கும் என்று அறிந்தார். அன்று வேலை இல்லை, கூலியும் இல்லை என்று அறிந்தார். இவ்வளவையும் ‘பெய்திருக்கிறது’ என்னும் ஒரு சொல் தாங்கி நின்றது. ‘பெய்தது’ என்பது மழை பெய்த செய்தியை மட்டும் கூறும். ஈரமண்ணைப் பார்க்கும் கண்ணை அதில் காண இயலாது. சிறுமி எழுதியது சரி. திருத்திய நானே பிழை செய்தேன்.

நிரையில் நடக்கும் கங்காணி, வெட்டுவாயில் புதிய பால் வடிவதைக் கண்டு ‘இந்த மரத்தை வெட்டியிருக்கிறான்’ என்பார். வெட்டியதை நேரில் கண்டவர் ‘வெட்டினான்’ என்பார். கைதவறிக் குவளை விழும்போது ‘உடைந்துவிட்டது’ என்கிறோம். பின்னர் வந்து சில்லுகளைக் காண்பவர் ‘உடைந்திருக்கிறது’ என்கிறார். கண்டதையும் கண்டறிந்ததையும் இவ்வாறு வேறுபடுத்துவது தமிழ் மக்களின் அன்றாட வழக்கு. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாடுகளிலும், கெச்சுவா, அய்மாரா மொழிகளின் தொடர்பால், தாம் நேரில் காணாத நிகழ்ச்சியை ‘அபியா’ சேர்ந்த வடிவத்தால் கூறும் ஸ்பானிய வழக்கு உண்டு. அங்கே மொழியறிஞர் அதனை ஆராய்கின்றனர். இங்கே நாம் சிவப்புக் கோடு இடுகிறோம்.

மும்மொழி வகுப்பறை

நம் மாணவர் தமிழோடு மலாயும் ஆங்கிலமும் கற்பவர். மலாய் வினை காலத்திற்கேற்ப உருவம் மாறுவதில்லை. ‘சுடா’ என்றால் முடிந்தது, ‘பெலும்’ என்றால் இன்னும் இல்லை. ‘சுடா மாக்கான்’ என்பது நம் ‘சாப்பிட்டாயிற்று’ என்பதோடு நன்கு பொருந்தும். ‘சாப்பிட்டிருக்கிறேன்’ என்பதோடு அவ்வளவு பொருந்தாது. ஆங்கிலத்திலோ வேறு இடர். ‘ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே’ என்று நம் பிள்ளைகள் எழுதுகின்றனர். நேற்று என்று காலத்தைக் குறித்துவிட்டால் ஆங்கிலத்தில் அவ்வடிவம் கூடாது. தமிழில் கூடும்: ‘அவன் நேற்றே வந்திருக்கிறான்.’ ஸ்பானியத்திலும் ‘அயேர்’ என்னும் நேற்றோடு பொது வழக்கில் அவ்வடிவம் வருவதில்லை. ஆகவே என் மாணவியும் அங்கே இடறுவாள். இதனை அறியாமையால் விளைந்த பிழை என்பதைவிடத் தமிழறிவால் விளைந்த பிழை என்பதே பொருந்தும். தமிழ் விதி இன்னது என்று முன்னரே கற்றிருந்தால், பிற மொழி விதி எவ்விடத்தில் பிரிகிறது என்பதை மாணவரே கண்டுகொள்வர்.

எழுத்து நடையைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். செய்தித்தாள்களைப் பின்பற்றி மாணவர் கட்டுரைகளில் ‘வந்துள்ளார், நடைபெற்றுள்ளது’ என்பன பெருகிவிட்டன. ‘உள்’ சேர்ந்த இவ்வடிவம் பிழையன்று, சுருக்கமும் உடையது. ஆயின் வந்திருந்தார், வந்திருப்பார் என்பவற்றிற்கு ஈடான வடிவம் ‘உள்’ளுக்கு இல்லை. ‘வந்தார்’ என்று போதுமான இடத்திலும் ‘வந்துள்ளார்’ என்று எழுதினால் இரண்டிற்கும் உள்ள வேறுபாடு மழுங்கும். கருவி நல்லதாயினும் எல்லா வேலைக்கும் அதையே எடுப்பது நன்றன்று.

செய்யத்தக்கவை

என் பள்ளிக்கு வரும் பயிற்சி ஆசிரியர்களிடம் இப்போது மூன்று கூறி வருகிறேன். ஒன்று: காலம் மூன்று என்று கற்பித்த பின், ‘இரு’வும் ‘விடு’வும் சேர்ந்தால் பொருள் எங்ஙனம் மாறுகிறது என்பதைக் குவளை போன்ற எளிய எடுத்துக்காட்டால் காட்டுங்கள், கலைச்சொல் பின்னர் வரட்டும். இரண்டு: மாணவன் ‘இருக்கிறது’ என்று எழுதியிருந்தால் திருத்துமுன், “நீ இதைப் பார்த்தாயா, பார்த்து அறிந்தாயா?” என்று கேளுங்கள். மூன்று: பிற மொழியின் இத்தகைய வடிவங்களை விளக்கத் தமிழிலிருந்தே தொடங்குங்கள்.

நான் பணி தொடங்கிய தோட்டத்தில் இன்று ரப்பர் மரங்கள் இல்லை, செம்பனை வந்திருக்கிறது. அச்சிறுமியின் குறிப்பேடும் என்னிடம் இல்லை. நான் அடித்த சொல் மட்டும் நினைவில் நிற்கிறது. என் கருத்தில் பிழை காணும் தமிழாசிரியர்கள் தம் வகுப்பறைச் சான்றுகளோடு மறுத்து எழுதுவார்களாயின், மகிழ்ந்து ஏற்பேன்.